வளரும் மூளையின் வரைபடம்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற நியூரான்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. பார்ப்பது, பேசுவது, ஒன்றை நினைவில் வைப்பது, கோபத்தை அடக்கிக்கொள்வது என எந்தச் செயலும் மூளையின் ஒரே மூலையில் நடந்து முடிவதில்லை. ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் பல பகுதிகள் சேர்ந்து இயங்கினால்தான் அது நடக்கும். அப்படிச் சேர்ந்து இயங்கும் பகுதிகளின் தொகுதியையே மூளை வலையமைப்பு என்கிறார்கள். எந்தப் பகுதி எதனோடு சேர்கிறது, அந்தச் சேர்க்கை கருவிலேயே தொடங்குகிறதா, குழந்தைப் பருவத்திலும் பதின்பருவத்திலும் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் உயிருள்ள மனிதரிடமே, மண்டையோட்டைத் திறக்காமல் பார்த்தறியும் துறை கடந்த 30 ஆண்டுகளில் வேரூன்றியிருக்கிறது. அதன் முதன்மைக் கருவி எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

அதற்கு முன்பும் மூளைக்கு வரைபடங்கள் இருந்தன. எல்லாம் இறந்தவர்களின் மூளையிலிருந்து வரையப்பட்டவை. 1861இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா, பல ஆண்டுகளாக 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாதிருந்த நோயாளி ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க முன்மடலில் சேதம் தெரிந்தது. பேச்சை உருவாக்கும் இடம் அங்கே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1874இல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்வதோடு தொடர்புள்ள இன்னோர் இடத்தை அடையாளம் கண்டார். அவர் அதோடு நிற்கவில்லை. இந்த இரண்டு இடங்களும் நன்றாக இருந்து, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தாலும் ஒருவகைப் பேச்சுக் கோளாறு வரும் என்று முன்கூட்டியே சொன்னார். இடங்களைவிட இணைப்புகளைக் கவனிக்க வேண்டும் என்ற இன்றைய சிந்தனைக்கு அதுவே வித்து. 1909இல் கோர்பினியன் புரோட்மான் நுண்ணோக்கியின் வழியே செல்களின் அடுக்கமைப்பைப் பார்த்து, மூளையின் மேற்பரப்பான புறணியைப் பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டார். நரம்பியல் நூல்களில் அந்த எண்கள் இன்றும் புழங்குகின்றன.

எம்.ஆர்.ஐ. கருவி உடலிலுள்ள தண்ணீரைப் பயன்படுத்துகிறது. தண்ணீர் மூலக்கூறில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப்புலத்தில் ஒரு திசையில் அணிவகுக்க முனைகின்றன. ரேடியோ அலையால் அவற்றைச் சற்றே கலைத்துவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்றைத் தருகின்றன. திசுவுக்குத் திசு அந்தச் சமிக்ஞை வேறுபடுவதால் படம் கிடைக்கிறது. ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படும் 3 டெஸ்லா கருவியின் காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 50,000 மடங்கு வலுவானது. இதில் எக்ஸ் கதிர் இல்லை, கதிரியக்க மருந்தும் இல்லை. நோய் எதுவுமில்லாத குழந்தையை மீண்டும் மீண்டும் ஆண்டுக்கணக்கில் படமெடுக்க முடிவது அதனால்தான். மூளை வளர்ச்சி ஆராய்ச்சி என்ற ஒன்று இன்றைய வடிவில் இருப்பதற்கே இந்தப் பாதுகாப்புதான் காரணம் என்று சொல்லலாம்.

உருவத்தைக் காட்டும் கருவி இயக்கத்தையும் காட்டத் தொடங்கியது 1990 வாக்கில். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா, இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இழந்ததும் அதன் காந்தப் பண்பு மாறுவதையும், அந்த மாற்றம் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதையும் காட்டினார். மூளையின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்யும்போது அங்கே தேவைக்கு மேலேயே புது இரத்தம் பாய்கிறது. ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம் கூடுவதால் சமிக்ஞை உயர்கிறது. 1992இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இம்முறையை மனிதரிடம் செய்துகாட்டின. செயல்சார் எம்.ஆர்.ஐ. என்பது இதுதான். இதில் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. கருவி அளப்பது நியூரானின் மின்துடிப்பை அல்ல, அதைத் தொடர்ந்து வரும் இரத்த ஓட்டத்தை. மின்துடிப்பு மில்லி நொடிகளில் முடிந்துவிடும். இரத்த ஓட்டம் உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடிகள் ஆகும். செய்தித்தாள்களில் வரும் சிவப்பும் மஞ்சளுமான மூளைப் படங்கள், புள்ளியியல் கணக்கின் முடிவுகளுக்கு நிறம் கொடுத்துத் தீட்டியவை.

முதல் சில ஆண்டுகளில் எல்லா ஆய்வுகளும் ஒரே பாணியில் நடந்தன. ஸ்கேனரில் படுத்திருப்பவரிடம் விரலைத் தட்டச் சொல்வார்கள், பிறகு நிறுத்தச் சொல்வார்கள். இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள். சும்மா இருக்கும் நேரத்துச் சமிக்ஞைக்கு மதிப்பில்லை, அது வெறும் இரைச்சல் என்று ஒதுக்கினார்கள். விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்த பாரத் பிஸ்வால் அந்த இரைச்சலைக் கூர்ந்து பார்த்தார். கையை அசைக்கும் பகுதி மூளையின் இடப்புறமும் வலப்புறமும் உண்டு. படுத்திருப்பவர் விரலைக்கூட அசைக்காத நேரத்தில், இந்த இரண்டு பகுதிகளின் சமிக்ஞைகளும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அந்த ஏற்ற இறக்கம் மிக மெதுவானது. ஒரு சுற்றுக்குப் பத்து நொடிக்கும் மேல் ஆகும். பிஸ்வாலும் உடன் பணியாற்றியவர்களும் இதை 1995இல் வெளியிட்டார்கள். மூச்சும் இதயத்துடிப்பும் ஏற்படுத்தும் மாயத்தோற்றமாக இருக்கலாம் என்று பலர் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் பல ஆய்வகங்கள் மூச்சையும் துடிப்பையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த ஒத்திசைவு மறையவில்லை. செவிப்புலன் பகுதிகள் தமக்குள் ஒத்திசைந்தன, பார்வைப் பகுதிகள் தமக்குள் ஒத்திசைந்தன. எந்த வேலையும் கொடுக்காமல், சில நிமிடங்கள் சும்மா படுத்திருக்கச் சொன்னாலே மூளையின் வலையமைப்புகள் வெளிப்பட்டன.

இந்தக் கண்டுபிடிப்பின் பயன் குழந்தைகள் விஷயத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. பிறந்து பத்து நாளான சிசுவிடம் விரலைத் தட்டு என்று சொல்ல முடியாது. அது தூங்கினால் போதும், ஆய்வு நடக்கும்.

சும்மா இருக்கும் மூளை சும்மா இல்லை என்பதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் சான்று வந்தது. உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடு. உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காடு அதற்குப் போகிறது. கடினமான கணக்கைப் போட்டாலும் அந்தச் செலவு 5 விழுக்காடுகூட உயர்வதில்லை. செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கல், வேலை கொடுத்ததும் சில பகுதிகளின் இயக்கம் கூடுவதற்குப் பதிலாகக் குறைவதைக் கவனித்து, 2001இல் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஒரு பகுதி, பின்பக்கம் நடுக்கோட்டில் ஒரு பகுதி, காதுக்கு மேலே பின்புறமாக இரு பக்கமும் ஒவ்வொரு பகுதி ஆகியவையே இப்படி இயக்கம் குறையும் பகுதிகள். ஒருவர் வெளி வேலையில் ஈடுபடாமல் தன் நினைவுகளில் ஆழ்ந்திருக்கும்போதும், நாளைய காரியத்தை யோசிக்கும்போதும், அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கும்போதும் இவை இயங்குகின்றன. இவற்றின் தொகுதியை இயல்புநிலை வலையமைப்பு என்று சொல்லலாம்.

2011இல் 1,000 இளம் வயதினரின் ஸ்கேன்களைக் கொண்டு, புறணி முழுவதையும் ஏழு வலையமைப்புகளாகப் பிரித்த வரைபடம் ஒன்று வெளியானது. பார்வைக்கு ஒன்று, உடல் அசைவுக்கும் தொடு உணர்வுக்கும் ஒன்று, கவனத்துக்கு இரண்டு, உணர்ச்சியோடு தொடர்புடையது ஒன்று, திட்டமிட்டுச் செயலாற்றுவதற்கு ஒன்று, ஏழாவதாக இயல்புநிலை வலையமைப்பு. அதே ஆய்வு 17 வலையமைப்புகள் கொண்ட இன்னொரு பிரிப்பையும் தந்தது. இரண்டும் சரியே. மாவட்டமாகப் பிரிப்பதா வட்டமாகப் பிரிப்பதா என்பது போல, எவ்வளவு நுணுக்கம் தேவையோ அதைப் பொறுத்தது எண்ணிக்கை.

ஒத்திசைவைக் கண்டால் தொடர்பு இருக்கிறது என்று தெரியும். இடையில் நரம்பு இழை ஓடுகிறதா என்று தெரியாது. அதைக் காட்டுவது விரவல் எம்.ஆர்.ஐ. நியூரானின் நீண்ட இழைகள் கற்றை கற்றையாக ஓடும் வெண்பகுதியில், தண்ணீர் மூலக்கூறுகள் கற்றையின் நெடுக்கில் எளிதாகவும் குறுக்கில் சிரமப்பட்டும் பரவுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் எந்தத் திசையில் அதிகம் பரவுகிறது என்று அளந்து, அந்தத் திசைகளைக் கோத்துக்கொண்டே போனால் கற்றையின் பாதை கிடைக்கும். 1994இல் பீட்டர் பாசரும் அவர் குழுவினரும் இதற்கான கணித அடித்தளத்தைத் தந்தார்கள். வண்ண நூல்களை விரித்துவிட்டதுபோல அழகாக வரும் படங்களை நம்புவதற்கு முன் நிதானம் வேண்டும். கற்றைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடங்களில் கணினி வழி தவறிவிடும். விடை முன்பே தெரிந்த ஒரு செயற்கைப் படத்தைப் பல நாட்டுக் குழுக்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலான கணினி முறைகள் உண்மையான கற்றைகளில் 90 விழுக்காட்டை ஓரளவேனும் கண்டுபிடித்தன. கூடவே, இல்லாத கற்றைகளை அதைவிட அதிக எண்ணிக்கையில் வரைந்துவைத்தன. 2017இல் வெளியான இந்த முடிவு துறையை உலுக்கியது. சமிக்ஞை எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்பதையும் இம்முறை சொல்லாது.

மூளையின் எல்லா இணைப்புகளும் அடங்கிய முழு வரைபடத்துக்கு 'கனெக்டோம்' என்ற பெயர் 2005இல் வந்தது. ஓலாஃப் ஸ்போர்ன்ஸும் சகாக்களும் ஒரு பக்கம், சுவிட்சர்லாந்தின் பாட்ரிக் ஹாக்மான் மறுபக்கம், ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே சொல்லை முன்வைத்தார்கள். 2010இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் மனித கனெக்டோம் திட்டத்தைத் தொடங்கியது. 22 முதல் 35 வயது வரையுள்ள சுமார் 1,200 பேரை ஸ்கேன் செய்தார்கள். இரட்டையர்களையும் உடன்பிறந்தோரையும் வேண்டுமென்றே நிறையச் சேர்த்தார்கள், மரபின் பங்கைப் பிரித்தறிவதற்காக. இந்தத் தரவில் 210 பேரின் படங்களைக் கொண்டு மேத்யூ கிளாசரின் குழு 2016இல் வெளியிட்ட வரைபடம், மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் 180 பகுதிகளைக் காட்டியது. அவற்றில் 97 அதுவரை யாரும் விவரித்திராதவை. உலகின் எந்த ஆய்வாளரும் விண்ணப்பித்துத் தரவைப் பெறலாம் என்று கதவைத் திறந்து வைத்ததுதான் இத்திட்டத்தின் ஆகப் பெரிய கொடை.

இந்த வரைபடங்களின் நுணுக்கம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். செயல்சார் எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு கட்டம் வழக்கமாக ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் லட்சக்கணக்கான நியூரான்கள் அடங்கும். ஒவ்வொரு நியூரானையும் ஒவ்வொரு இணைப்பையும் காட்டும் முழு வரைபடம் சில உயிரினங்களுக்கே இருக்கிறது. 302 நியூரான்கள் கொண்ட ஒரு சிறு உருளைப்புழுவுக்கு 1986இலும், 1,39,255 நியூரான்கள் கொண்ட பழ ஈயின் மூளைக்கு 2024இலும் அது கிடைத்தது. மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுத்து 2024இல் வெளியிட்டார்கள். சுமார் 57,000 செல்களும் 15 கோடி இணைப்புகளும் கொண்ட அந்தத் துணுக்கின் தரவே 1,400 டெராபைட் வந்தது. உயிரோடு இருக்கும் மனிதரின் முழு மூளையை அந்த நுணுக்கத்தில் பார்க்க இன்று வழியில்லை.

வளர்ச்சிக்கு வருவோம். பிறந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் குழந்தையின் மூளை, கன அளவில் பெரியவர் மூளையின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஒரு வயதில் அது 72 விழுக்காட்டையும், இரண்டு வயதில் 83 விழுக்காட்டையும் எட்டிவிடுகிறது. வாழ்நாளில் வேறெந்தக் காலத்திலும் மூளை இந்த வேகத்தில் வளர்வதில்லை. அதற்கும் முந்தைய கட்டத்தை ஆராய்ந்தது, லண்டன் கிங்ஸ் கல்லூரி, இம்பீரியல் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்திய வளரும் மனித கனெக்டோம் திட்டம். கருத்தரிப்பிலிருந்து கணக்கிட்டு, பிறப்புக்கு முன்னும் பின்னுமாக 20 வாரம் முதல் 44 வாரம் வரையிலான காலத்தை அது எடுத்துக்கொண்டது. குறைமாதக் குழந்தைகள் உட்பட 780க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் படங்களை வெளியிட்டது.

அந்தப் படங்களை எடுத்த விதத்தில் எவ்வளவு பரிவு இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மயக்க மருந்து எதுவும் கிடையாது. குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, தானாகத் தூங்கும்வரை காத்திருப்பார்கள். காதுத் துளையை மென்மையான பசையால் அடைத்து, மேலே சத்தம் தடுக்கும் உறை போடுவார்கள். பச்சிளங்குழந்தையின் தலை அளவுக்கென்றே சிறிய சமிக்ஞை வாங்கியைத் தனியாக வடிவமைத்திருந்தார்கள். ஸ்கேனர் திடீரென்று தடதடத்தால் குழந்தை திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும் என்பதால், சத்தம் முதல் ஐந்து நொடிகளில் படிப்படியாக உயரும்படி அமைத்தார்கள். இதயத்துடிப்பையும் ஆக்ஸிஜனையும் உடல் வெப்பத்தையும் தொடர்ந்து கண்காணித்தார்கள்.

கிடைத்த காட்சி தெளிவானது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் பார்வை, கேட்டல், உடல் அசைவு ஆகியவற்றின் வலையமைப்புகள் பெரியவரிடம் இருப்பது போலவே உருப்பெற்றிருக்கின்றன. இயல்புநிலை வலையமைப்பும் திட்டமிடலுக்கான வலையமைப்பும் அப்போது துண்டு துண்டாகவே இருக்கின்றன. தொலைவிலுள்ள பகுதிகள் இன்னும் கைகோக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் துண்டுகள் சேர்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தை நிறைமாத வயதை எட்டிய பிறகு எடுத்த படங்களில், புலன் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸ் என்ற ஆழ்பகுதியின் இணைப்புகளில் வேறுபாடு தெரிகிறது. தாயின் வயிற்றில் கழிய வேண்டிய கடைசி வாரங்கள் இணைப்புகளுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இது நேரடிச் சான்று.

மூளை வளர்ச்சி என்றால் கூடிக்கொண்டே போவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்படியில்லை என்று முதலில் காட்டியவர் ஸ்கேனர் இல்லாத காலத்து ஆய்வாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹுட்டன்லாக்கர் 1970களில், பல்வேறு வயதில் இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸுகளை எண்ணினார். முன்மடலில் ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு இருந்த சினாப்ஸுகளின் அடர்த்தி, பெரியவரைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது. மூளை முதலில் அளவுக்கு மிஞ்சி இணைப்புகளை உண்டாக்கி, பிறகு பயன்படாதவற்றைக் களைகிறது. எஞ்சியவற்றில் பல, மையலின் என்ற கொழுப்புறை பெற்று வேகமாகச் செய்தி கடத்துகின்றன.

1999இல் ஜே கீட் தலைமையிலான அமெரிக்கக் குழு, ஒரே குழந்தைகளைச் சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, முன்மடலில் நியூரான்களின் உடல்கள் நிறைந்த சாம்பல் பகுதி பெண்களுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெலிவதாகச் சொன்னது. 2004இல் வெளியான இன்னோர் ஆய்வு, அந்த முதிர்ச்சி எந்த வரிசையில் நடக்கிறது என்று படமாகக் காட்டியது. தொடு உணர்வு, அசைவு, பார்வை ஆகியவற்றுக்கான பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடுதல், அவசரத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றோடு தொடர்புடைய முன்நெற்றிப் பகுதி பிந்தித்தான் முதிர்கிறது.

இப்படித் தனித்தனியாகக் கிடைத்த முடிவுகளை ஒன்றுசேர்த்தது 2022இல் வெளியான 'மூளை வளர்ச்சி வரைபடம்'. நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளிலிருந்து 1,01,457 பேரின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டினார்கள். கருத்தரித்த 115ஆம் நாள் முதல் 100 வயது வரை அதில் அடங்கியது. குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறித்துவைக்கும் அட்டையில் இருப்பதுபோல, மூளைக்கும் வயதுவாரியாக வளைகோடுகள் வரையப்பட்டன. புறணியின் தடிமன் 1.7 வயதிலேயே உச்சத்தைத் தொடுகிறது. சாம்பல் பகுதியின் மொத்த அளவு சுமார் 6 வயதிலும், மூளையின் ஆழ்பகுதிகளில் உள்ள சாம்பல் பகுதி பதினான்கரை வயதையொட்டியும், வெண்பகுதி 28.7 வயதிலும் உச்சத்தை அடைகின்றன. கீட்டின் ஆய்வு சொன்ன வயதுக்கும் இதற்கும் இடைவெளி இருக்கிறதே என்று தோன்றலாம். குறைந்த எண்ணிக்கையில் குழந்தைகளைக் கொண்டு, பழைய கருவிகளால் தொடங்கிய துறையில் எண்கள் திருத்தப்படுவது இயல்பு. இந்த வளைகோடுகளை வைத்துத் தனி ஒரு குழந்தைக்கு நோய் உண்டா இல்லையா என்று இப்போது முடிவுகட்டக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

'25 வயதில் மூளை முழு வளர்ச்சி அடைகிறது' என்ற வாசகம் சமூக ஊடகங்களிலும் பெற்றோருக்கான கட்டுரைகளிலும் அடிக்கடி வருகிறது. தரவில் அப்படியொரு கோடு இல்லை. தடிமனுக்கு ஒரு வயது, வெண்பகுதிக்கு ஒரு வயது, வலையமைப்புக்கு வலையமைப்பு வேறு வயது. எல்லாம் சராசரிகள். மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு அந்தச் சராசரியைச் சுற்றி அகலமாகப் பரந்திருக்கிறது.

இத்துறை தன்னைத் தானே திருத்திக்கொண்ட ஒரு நிகழ்வு, மற்ற கண்டுபிடிப்புகளைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது. குழந்தைகளின் மூளையில் அருகருகே உள்ள பகுதிகள் வலுவாகச் சேர்ந்திருக்கும், வயது ஏற ஏறத் தொலைவிலுள்ள பகுதிகளோடு சேர்க்கை வலுக்கும் என்பது 2000களின் பிற்பகுதியில் பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. 2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பவரும் சகாக்களும் ஒரு சங்கடமான உண்மையை வெளியிட்டார்கள். ஸ்கேனரில் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே போதும், அருகிலுள்ள பகுதிகளின் ஒத்திசைவு கூடுதலாகவும் தொலைவிலுள்ள பகுதிகளின் ஒத்திசைவு குறைவாகவும் கணக்கில் வந்துவிடும். சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆக, வளர்ச்சி என்று கருதியதில் ஒரு பகுதி தலையசைவு. இதை வெளியிட்டவர்களில் சிலர், பழைய முடிவைச் சொன்ன ஆய்வுகளிலும் பங்கேற்றவர்கள். தங்கள் பெயர் இருந்த முடிவையே கேள்விக்குள்ளாக்கத் துணிந்த அந்த நேர்மையால் துறையின் நடைமுறையே மாறியது. அசைந்த கணங்களின் தரவை வெட்டி எறிவது இன்று வழக்கம். குழந்தைகளைக் காந்தமில்லாத மாதிரி ஸ்கேனரில் படுக்கவைத்து முதலில் பழக்குகிறார்கள். உள்ளே கார்ட்டூன் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

இன்னொரு திருத்தமும் வந்தது. 2022இல் ஸ்காட் மாரெக் தலைமையிலான குழு, மூளை இணைப்புகளுக்கும் அறிவுத்திறன், மனநலம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகக் காட்ட ஆயிரக்கணக்கானோர் தேவை என்று நிறுவியது. அதுவரை பெரும்பாலான ஆய்வுகள் சில பத்துப் பேரோடு நடந்தவை. அந்தக் கணக்குக்குப் பெரிதும் உதவியது, அமெரிக்காவில் 9, 10 வயதில் சேர்த்த ஏறக்குறைய 11,900 பிள்ளைகளை 21 மையங்களில் பத்தாண்டு பின்தொடரும் ஏ.பி.சி.டி. ஆய்வு.

எண்ணிக்கையைக் கூட்டுவது ஒரு வழி. ஒருவரையே நெடுநேரம் ஸ்கேன் செய்வது இன்னொரு வழி. பலரின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சராசரி எடுத்தால், ஆளுக்கு ஆள் மாறும் எல்லைகள் மங்கிவிடும். டெக்ஸஸில் இருந்த ரஸல் போல்ட்ராக் ஒன்றரை ஆண்டு தன் மூளையைத் தானே நூறு முறைக்கு மேல் ஸ்கேன் செய்துகொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் காபி குடிக்காமல் வெறும் வயிற்றோடு போனார், வியாழக்கிழமைகளில் சாப்பிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். இரண்டு நாட்களின் இணைப்புகளிலும் வேறுபாடு தெரிந்தது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், நிக்கோ டோசன்பாக் உட்பட மூன்று பேர் வழக்கமாகப் புழங்கும் கையில் இரண்டு வாரம் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு தினமும் ஸ்கேனரில் படுத்தார்கள். ஓரிரு நாட்களிலேயே அந்தக் கைக்கான மூளைப் பகுதி தன் வலையமைப்பிலிருந்து விலகத் தொடங்கியது. கட்டை அவிழ்த்ததும் விரைவில் திரும்பச் சேர்ந்தது. வளர்ந்த மனிதரின் வலையமைப்பும் நாளுக்கு நாள் பராமரிக்கப்படுகிறது என்பது அதில் தெரியவந்தது.

அனுபவம் மூளையை மாற்றும் என்பதற்கு மிகக் கனமான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. புக்கரெஸ்ட் நகரின் அனாதை இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 2000இல் தொடங்கிய ஆய்வு அது. எட்டு முதல் பதினோரு வயதுக்குள் எடுத்த ஸ்கேன்களில், இல்லத்தில் இருந்த அனைவருக்கும் சாம்பல் பகுதி குறைவாகவே இருந்தது, குடும்பத்துக்குப் போனவர்களுக்கும்கூட. ஆனால் குடும்பத்தில் வளர்ந்தவர்களின் வெண்பகுதி, இல்லத்தையே பார்த்திராத குழந்தைகளுடையதோடு ஒப்பிடத்தக்கதாக மீண்டிருந்தது. மனம் கனக்கும் முடிவு, அதே சமயம் செயலுக்கு வழிகாட்டும் முடிவு. லக்னோவை ஒட்டிய கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு மறுமுனை. எழுத்தறியாத முப்பது வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்தைக் கற்பித்து முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். பார்வைப் புறணிக்கும் தலாமஸ், மூளைத்தண்டு ஆகிய ஆழ்பகுதிகளுக்கும் இடையிலான ஒத்திசைவு கூடியிருந்தது. 2017இல் இது வெளியானது. படிக்கக் கற்க வயது தடையில்லை என்பதோடு, அந்தக் கல்வி மூளையின் அடித்தளம் வரை இறங்குகிறது என்பதையும் அது காட்டியது.

மருத்துவத்தில் இவ்வரைபடங்களின் பயன் மெல்லத்தான் வருகிறது. மூளைக் கட்டியையோ வலிப்பு உண்டாக்கும் திசுவையோ அகற்றும் முன், பேச்சுக்கும் அசைவுக்குமான இடங்களை அந்த நோயாளியிடமே குறித்துக்கொள்வது பல மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டும் சிகிச்சை உண்டு. தூண்ட வேண்டிய புள்ளியை நோயாளியின் சொந்த வலையமைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வைத் தொடர்ந்து, 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. ஆட்டிசம், ஸ்கிசோஃப்ரீனியா போன்றவற்றை ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்துக் கண்டறியும் சோதனை இன்றுவரை இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

இந்த ஸ்கேன்கள் யாருடையவை என்ற கேள்வியும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. லட்சம் பேரின் வளைகோட்டில்கூடப் பெரும்பங்கு ஐரோப்பியருடையதும் வட அமெரிக்கருடையதும். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து, பல மாநிலங்களில் குழந்தைகள், இளைஞர்களின் மூளை வளர்ச்சியைப் பின்தொடரும் ஆய்வை நடத்திவருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் வேறொரு வழியில் போயிருக்கிறது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், கருக்காலத்தின் நடு மூன்று மாதங்களைச் சேர்ந்த ஐந்து சிசு மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, செல் தெரியும் நுணுக்கத்தில் படமெடுத்தார்கள். 5,132 சீவல்களின் அந்தத் தொகுப்பு 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியானது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்கேனரின் 2 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று சரிபார்க்க இத்தகைய தொகுப்பு தேவை.

ஸ்கேனர் விலையும் அதற்கான மின்சாரமும், குளிர்விக்கும் திரவ ஹீலியமும் ஏழை நாடுகளுக்கு எட்டாதவையாக இருந்துவந்தன. 0.064 டெஸ்லா காந்தம் கொண்ட, சுவரிலுள்ள சாதாரணப் பிளக்கில் செருகி இயக்கக்கூடிய, கட்டிலருகே தள்ளிக்கொண்டு போகும் சிறு எம்.ஆர்.ஐ. கருவிக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அளக்க இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள். மூளையின் கன அளவும் சாம்பல், வெண்பகுதிகளின் வளர்ச்சியும் அதில் தெரியும். வலையமைப்பின் ஒத்திசைவைக் காட்டும் அளவுக்கு அதன் காந்தம் போதாது. அதற்கு இன்னும் பெரிய கருவியே வேண்டும்.